உயிரோடு இருந்தவளுக்கு ஒரு நிமிட மௌனம்

முதலில் தலைமுடி மேலே ஏறியது. பிறகு நெற்றி. தரையில் சுருட்டிக் கிடந்த துணிப் பதாகையை இரண்டு பேர் கயிறு போட்டுக் கூரையின் இரும்பு உத்தரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். துணி விரிய விரிய, ஒரு பெண்ணின் முகம் தரைக்குள்ளிருந்து எழுந்து வருவதுபோல வந்தது. கண்கள் வந்ததும் தரை துடைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றுவிட்டது. மூக்கு வந்தது. மேலுதட்டின் இடது பக்கத்தில் ஒரு தழும்பு வந்தது. அவள் தன் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவளுடைய முகம்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய முகம், இரண்டு ஆள் உயரத்துக்கு. கடைசியாக அடியில் இருந்த எழுத்துகள் மேலே வந்தன. பிறந்த வருஷம், ஒரு கோடு, இறந்த வருஷம்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் கூட வேலை செய்கிறவள். அவள் பதாகையைப் பார்க்கவில்லை. அங்கே மாட்டுகிறவற்றை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கீழே சிந்துவதைத்தான் பார்ப்பார்கள்.

அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். இதே கட்டடம் பாட்டில் தொழிற்சாலையாக இருந்த காலத்தில் வந்த பெயர் அது. சூளையிலிருந்து ஆறி வரும் பாட்டில்கள் ஓடும் பட்டைமேல் வரிசையாக வரும். வெளிச்சப் பலகை என்று ஒன்று உண்டு, பின்னால் விளக்கு எரியும் வெள்ளைக் கண்ணாடி. அதன் முன்னால் நான்கு பெண்கள் உட்கார்ந்து, கடந்து போகும் பாட்டில்களில் கீறலோ குமிழோ இருந்தால் பிடுங்கிப் போட வேண்டும். எட்டு மணி நேரம் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினாலும் பாட்டில்கள் போய்க்கொண்டே இருக்கும். மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பிய கீறல்கூட அவளுக்குத் தப்பாது. அதனால் கழுகு. உதட்டுத் தழும்பும் அங்கே வாங்கியதுதான். கைக்குள்ளேயே வெடித்த ஒரு பாட்டில்.

அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவள் சுருட்டை. சுருட்டை முடியைத் தவிர அவளிடம் வேறு சொத்து கிடையாது என்று அவளே சொல்லுவாள். வாய் ஓயாது. பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டே இருப்பாள். "பாதி ஆயுசு, எவனோ குடிக்கப்போற பாட்டிலைப் பாத்தே போகுதுடி. குடிக்கிறவன் ஒரு நாளாவது நம்மளைப் பாத்திருப்பானா?" என்பாள்.

பலகைக்கு இரண்டு பேர் போதும் என்று முதலாளி முடிவு செய்த வருஷம் வேலைநிறுத்தம் வந்தது. கட்சிதான் முன்னால் நின்றது. அப்போதெல்லாம் கட்சி என்றால் சூளைக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும்தான். கழுகின் கணவர் சூளையில் வேலை பார்த்தவர், சங்கத்தின் கிளைப் பொறுப்பாளர். முப்பத்து மூன்றாம் நாள் காலையில் சரக்கு லாரி ஒன்று கேட்டை நோக்கி வந்தது. நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கேட்டின் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சுருட்டையும் அப்படித்தான் நினைத்திருப்பாள். கழுகு நான்கு எட்டு தள்ளி நின்றிருந்தாள்.

சுருட்டை செத்தபோது அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அடுத்த மாசமே புருஷன் ஊரை விட்டுப் போய்விட்டான், தூரத்தில் இருந்த, சுருட்டையைப் பார்த்தே இராத அவன் வழிச் சித்தி குழந்தையை எடுத்துக்கொண்டாள். தொழிற்சாலை மறுபடி திறந்து, ஒன்பது வருஷம் ஓடி, ஒரேயடியாக மூடியது. இயந்திரங்களைக் கழற்றி விற்றார்கள். கட்டடம் மட்டும் நின்றது. பிறகு யாரோ அதற்கு வெள்ளையடித்து, சூளையின் வாய்க்குள் சிவப்பு பல்ப் போட்டு, பக்கத்தில் காபிக் கடை வைத்து, கலை அரங்கம் ஆக்கினார்கள். துப்புரவு ஒப்பந்தக்காரர் ஆள் எடுத்தபோது கழுகு போய் நின்றாள். பழைய இடம்தான், வாசல் மட்டும் மாறிவிட்டது. இப்போது பின்பக்கமாகத்தான் உள்ளே வர வேண்டும்.

அந்த அரங்கத்தில்தான் கட்சி தன் இரண்டு நாள் மாநாட்டை வைத்திருந்தது.

"கூட்டம் நடக்கும்போது நீங்க யாரும் கண்ணுல படக்கூடாது. கூப்பிட்டா மட்டும் வந்தாப் போதும்" என்று சூப்பர்வைசர் காலையிலேயே சொல்லிவிட்டார். அதனால் மாநாடு தொடங்கியபோது கழுகு பக்கவாட்டுக் கதவின் பின்னால் வாளியோடு நின்றாள். முந்நூறு பேர் இருப்பார்கள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள், வக்கீல்கள், தோளில் துணிப்பை மாட்டிய இளம்பெண்கள். அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை, மேலே தொங்குவதைத் தவிர. மேடையில் இருந்தவர் ஒரு பெயரை வாசித்தார். சுருட்டையின் பெயர். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

அரங்கம் அடங்கியது. பழைய கூரைத் தகடு வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்டது. முந்நூறு பேர் தலை குனிந்திருக்க, பதாகையில் கழுகின் முகம் மட்டும் நிமிர்ந்து நேராகக் கதவு இடுக்கைப் பார்த்தது. கழுகுக்குத் தன் மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. செத்தவள் மூச்சுவிடுவது யார் காதிலாவது விழுந்துவிடும் என்பதுபோல அதை அடக்கிக்கொண்டாள்.

மதிய இடைவேளையில் கட்சிச் செயலாளரைப் பிடித்தாள். சின்ன வயதுக்காரர், கல்லூரியில் வேலை, மரியாதையானவர்.

"தம்பி, அந்தப் படத்துல இருக்கிறது செத்துப்போனவ இல்ல."

"அப்படியாம்மா? யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அது நான்."

செயலாளர் அவளைப் பார்த்தார், பதாகையைப் பார்த்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது. "உண்மைதாம்மா. அது நீங்கதான். உழைக்கிற ஒவ்வொரு பெண்ணும் அதுதான்."

"ஐயோ, அப்படிச் சொல்லல தம்பி. நிஜமாவே நான்தான்."

"எவ்வளவு அழகா சொல்றாங்க பாருங்க" என்று பக்கத்தில் இருந்த கட்சிக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து அவர் எழுதிக்கொண்டார். அந்த அம்மா, "இதை நிறைவுரையில சேத்துக்கலாமே" என்றார். கழுகு உதட்டுத் தழும்பைக் காட்டுவதற்குள் இருவரும் காபிக் கடைப் பக்கம் போய்விட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சூளைப் புகை அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. நான்கு வார்த்தைக்கு ஒரு இருமல்.

"இன்னிக்கு எனக்கு அஞ்சலி செலுத்தினாங்க" என்றாள்.

சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். என்ன, எங்கே, எதற்கு என்று ஒரு கேள்விகூட இல்லை. அந்தக் கை தட்டின் விளிம்பில் அப்படியே காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார். "தலைமை ஆபீஸ்ல இருந்து ஆள் வந்திருந்தான். பத்திரிகைக்கு அன்னிக்கே படம் வேணும்னான். சுருட்டை புருஷன்கிட்ட போய்க் கல்யாணப் படத்தை வாங்கினேன். அந்த வீட்டுல இருந்தது அது ஒண்ணுதான். சட்டைப் பையில வச்சிருந்தேன். ஊர்வலத்துல போலீஸ்காரங்க தண்ணி பீச்சி அடிச்சாங்கல்ல..."

"நனைஞ்சுபோச்சா?"

"எடுத்துப் பாத்தா மாப்பிள்ளை இருக்கான். பக்கத்துல வெள்ளையா இருக்கு. முகமே இல்ல." இருமினார். "கேட் முன்னாடி நிக்கறப்போ உன்னை எடுத்த படம் ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. அவன் வாசல்ல நின்னு அவசரப்படுத்தறான். ஒரு முகம்தானேன்னு..."

"என்னை எடுத்துக் குடுத்துட்டீங்க."

"இங்க யாருக்கும் தெரியாது. இங்க வந்த பத்திரிகைக் கட்டு மொத்தத்தையும் நான்தான் எரிச்சேன். ஆனா அன்னையிலிருந்து நீ வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் எனக்குப் பயம். உயிரோட இருக்கிறவளைச் செத்தவங்க கணக்குல எழுதிக் குடுத்துட்டேனேன்னு."

இருபத்தாறு வருஷமாக, அவள் தெருமுனை திரும்பும்வரை அவர் ஜன்னலில் நின்று பார்ப்பார். பாசம் என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் முன்வரிசையில் ஒரு நாற்காலிக்குத் தனியாகச் சீட்டு ஒட்டியிருந்தது: தியாகியின் மகள். யார் என்று பார்க்கக் கழுகுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. கழிப்பறை துடைக்க அனுப்பிவிட்டார்கள். அங்கே நீளமான நிலைக்கண்ணாடியைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு திறந்தது. கண்ணாடியில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். நின்றவள் நகரவே இல்லை. குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றாள் அந்தப் பெண், கண்ணாடியைப் பார்த்து.

பொதுவாகக் கூப்பிடும் அம்மா இல்லை அது. கழுகு தேய்ப்பதை நிறுத்தினாள். திரும்பினாள். முதலில் கண்ணில் பட்டது அந்தப் பெண்ணின் முடி. சுருள் சுருளாக, எந்தக் கிளிப்புக்கும் அடங்காத முடி.

"நீ சுருட்டை மகளா?"

அந்தப் பெண் கதவில் சாய்ந்துகொண்டாள். "சித்தி வீட்டுச் சுவத்துல பத்திரிகையில வெட்டின படம் இருந்துச்சு. ஒவ்வொரு வருஷமும் நினைச்சுப் பாப்பேன், இப்ப இருந்தா எப்படி இருப்பாங்கன்னு. இங்க கொஞ்சம் நரைச்சிருக்கும், கண்ணுக்குக் கீழ சுருக்கம் விழுந்திருக்கும்னு." அவள் விரல் காற்றிலேயே கழுகின் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது. "அப்படியே இருக்கீங்க."

கழுகு கையுறையைக் கழற்றினாள். ஒரு பொய் போதும், அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்துவிடுவாள் என்று தோன்றியது. ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான் உங்க அம்மா இல்லம்மா. உங்க அம்மா பக்கத்துல உட்கார்ந்து வேலை பார்த்தவ" என்றாள். நடந்ததைச் சொன்னாள், கணவர் செய்ததையும் சேர்த்து.

அந்தப் பெண் அழவில்லை. "அப்போ எங்கம்மா எப்படி இருப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கழுகு வாயைத் திறந்தாள். நிறம் சொன்னாள், உயரம் சொன்னாள், குரலைச் சொன்னாள். முகத்துக்கு வந்தபோது நின்றுவிட்டாள். ஒன்பது வருஷம் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் இரண்டு பேரும் பார்த்தது வெளிச்சப் பலகையைத்தான். சுருட்டையின் கண், மூக்கு, வாய் என்று நினைக்க நினைக்க, அந்த முடிக்கு நடுவில் வேறொரு முகம் வந்து உட்கார்ந்தது. உதட்டில் தழும்போடு. எவ்வளவு விலக்கியும் அது போகவில்லை.

"வீட்டுக்கு வா. ஒரு படம் இருக்கு" என்றாள்.

வேலை முடிந்ததும் கூட்டிப்போனாள். கேன்டீன் வாசலில் பதினோரு பெண்கள் நிற்கும் படம். சரியாகப் படம் எடுத்த நொடியில் சுருட்டை பின்னால் இருந்தவளிடம் ஏதோ சொல்லத் திரும்பியிருக்கிறாள். முடி தெரிகிறது. ஒரு காது தெரிகிறது. மீதி கலங்கலாக இருக்கிறது.

"முகம் எங்க?"

"திரும்பிட்டா. ஒரு நிமிஷம் சும்மா நிக்கமாட்டா உங்கம்மா."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. கழுகின் கணவர் அவள் முன்னால் வந்து நின்று, "தப்பு என்னுதும்மா" என்றார். அவள் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "பள்ளிக்கூடத்துல அடிபட்டா, வேலை போனா, எல்லாத்தையும் நான் அந்தப் படத்துகிட்டத்தான் சொல்லுவேன்" என்றாள். "யாருகிட்ட சொல்லிட்டிருந்தேன்?" படத்தை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, மறுநாள் கிடங்கில் பார்சல் அடுக்கும் வேலை இருக்கிறது என்று கடைசி பஸ் பிடித்துப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் கட்சியின் வட்டாரக் கூட்டத்துக்குக் கணவர் கிளம்பினார். ஆறு வருஷமாகக் கூட்டத்துக்குப் போகாதவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்து வெகுநேரம் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"சொன்னீங்களா?"

"எல்லாத்தையும் சொன்னேன். எழுந்து நின்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நன்றி தோழர், குறிப்புல எழுதிக்கிட்டோம்னாங்க. அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க."

செயலாளர் மட்டும் பிறகு போன் செய்தார். குரலில் உண்மையான சங்கடம் இருந்தது. உள்ளாட்சித் தேர்தல் பிரச்சாரத்துக்கு அந்தப் படம்தான் முடிவாகி, எல்லாம் அச்சாகிவிட்டதாம். "படத்துல இருக்கிறது யாருங்கிறதைவிட அது என்ன சொல்லுதுங்கிறதுதான் முக்கியம், இல்லீங்களாம்மா?" என்றார். தேர்தல் முடியும்வரை வெளியில் யாரிடமும் இதைப் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

பத்து நாளில் முகம் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. பழைய தொழிலாளர்கள் இருக்கும் பாட்டில் குடியிருப்பின் சுவர்களில், மின்கம்பங்களில், பஸ்ஸின் முதுகில். அவள் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அவளே வந்து நின்றாள். ஏறிப் போனால் அவளே எதிரே கடந்து போனாள். மளிகைக் கடைக்காரர் முதலில் கிண்டல் செய்தார்: "என்னக்கா, செத்தும் சாமான் வாங்க வர்றீங்க?" சில நாளில் கிண்டலை விட்டுவிட்டார். மீதிச் சில்லறையை அவள் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைக்க ஆரம்பித்தார். எதிர்வீட்டுச் சின்னப் பெண் அவளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவளுக்கே சுவர் ஓரமாக நடக்கும்போது, தன் தோளுக்கு மேலே யாரோ தலையை நீட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிப்பை மாட்டிய மாணவி ஒருத்தி வந்து கதவைத் தட்டினாள். துண்டறிக்கையை நீட்டினாள். அதிலும் அதே முகம்.

"இவங்க உங்களுக்காக உயிரைக் குடுத்தவங்கம்மா. ஓட்டுப் போடும்போது இவங்களை நினைச்சுக்குங்க."

கழுகு படத்தைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். "நல்லா பாரும்மா."

மாணவி பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், கையில் இருந்த பட்டியலைப் பார்த்தாள், அவளை மட்டும் பார்க்கவில்லை. "வச்சுக்குங்கம்மா, எங்ககிட்ட நிறைய இருக்கு" என்று அடுத்த வீட்டுக்குப் போனாள்.

எதிர்க்கட்சி ஆளும் வந்தார். செங்கல் வியாபாரி. தொழிற்சாலையைக் கழற்றியபோது இரும்பை மலிவாக வாரிக்கொண்டு போனவர்களில் ஒருவர். அவர் எப்பேர்ப்பட்டவர் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். "என்ன கழுகு, நல்லா இருக்கியா? இவருக்கு இருமல் இன்னும் நிக்கலையா?" என்றார். மூன்று மாதமாக அடைத்துக்கொண்டிருந்த சாக்கடைக்கு இரண்டு நாளில் ஆள் அனுப்பினார். எதற்காக என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அவர் போன பிறகு அவர் குடித்த டம்ளரைக் கொஞ்ச நேரம் கழுவாமல் வைத்திருந்தாள். உயிரோடு இருக்கிறவளாக அவளை நினைத்து யாரோ பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்து வகுப்பறையில். தட்டிக்குப் பின்னால் சீட்டோடு நின்றபோது அவள் கை முத்திரையை எடுத்துக்கொண்டு தானாகவே கட்சியின் சின்னத்துக்குப் போனது. முப்பது வருஷப் பழக்கம். இடது கையால் வலது கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. செங்கல்காரருடைய சின்னத்தின்மேல் குத்தினாள். சந்தோஷம் ஒன்றும் இல்லை. தெருவுக்கு வந்தபோது யாரோ கூப்பிட்டதுபோல இருந்தது. திரும்பினாள். கம்பத்தில் அவள்தான்.

பாட்டில் குடியிருப்பில் கட்சி தோற்றது அதுதான் முதல் தடவை.

செயலாளர் மறுமாதம் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். உழைக்கும் மக்கள் ஏன் விலகிப் போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு அறிக்கை எழுத வேண்டுமாம். வாசலில் அவளைப் பார்த்ததும் தயங்கினார். "உள்ள வாங்க தம்பி" என்று அவளே நாற்காலி போட்டாள்.

"எங்களை விட்டு ஏம்மா போனீங்க?"

"நான் எங்கயும் போகலையே. இங்கதான் இருக்கேன். நீங்க பேசற இடத்தையும் நான்தான் துடைக்கிறேன். நாற்காலிக்குக் கீழ துடைக்க வந்தா காலைத் தூக்கணும்னுகூட உங்க ஆளுங்களுக்குத் தோணாது."

அவர் எழுதவில்லை. கருவியை அணைத்தார். சுருட்டையைப் பற்றிக் கேட்டார். அவள் சொன்னாள். அரை மணி நேரம் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தார், அதை அவள் மறுக்கமாட்டாள். போகும்போது, படம் பற்றிக் கமிட்டியில் மறுபடி பேசுகிறேன் என்றார். பேசினாரோ என்னவோ. சுருட்டையின் மகள் ஒரு தடவை போன் செய்தாள். சுவரில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டதாகவும், அந்த இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துத் தூக்கம் வராமல் மறுபடி மாட்டிவிட்டதாகவும் சொன்னாள். "நீங்கன்னு தெரிஞ்சுதான் மாட்டியிருக்கேன். கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

வருஷக் கடைசியில் உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்க ஆள் வந்தார். பழைய பாக்கிங் பிரிவுக்காரர், கணவருக்கு நாற்பது வருஷத் தோழர். அவர் தெருவில் வருவதை ஜன்னலில் பார்த்ததும் கணவர் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போலீஸ் வந்தபோதுகூட அந்த மனிதர் கதவைச் சாத்தியதில்லை.

"இல்லையாம்மா?" என்றார் வந்தவர்.

"வெளிய போயிருக்காரு அண்ணே."

சொல்லி முடிக்கவில்லை, உள்ளே இருமல் தொடங்கியது. அடக்க அடக்க ஏறும் இருமல். வந்தவர் வாசல்படியில் அது அடங்கும்வரை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.